ஊர்க் கூட்டத்தில் எனக்குக் கிடைத்த கைதட்டல்

இது இரண்டு வருடங்களுக்கு முன், நவம்பர் மாதக் கடைசியில் நடந்தது. இடம், சுவிட்சர்லாந்தில் லாங்கன்தாலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊர். பெயரைச் சொன்னால் ஆளையும் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆகவே பெயர் வேண்டாம். இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. இருபத்துநான்கு வருடங்களாக இந்த ஊரில்தான் இருக்கிறேன். அந்த வருட ஏப்ரலில்தான் எனக்குச் சுவிஸ் குடியுரிமை கிடைத்திருந்தது.

குடியுரிமை கிடைத்தால் ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து கை உயர்த்தி வாக்களிக்கலாம். எங்கள் ஊரில் பாராளுமன்றம் மாதிரி ஒன்றும் கிடையாது. வருடத்தில் இரண்டு முறை வாக்குரிமை உள்ளவர்கள் மண்டபத்தில் கூடுவார்கள். வரி எவ்வளவு, எந்தத் தெருவைத் திருத்துவது என்று எல்லாவற்றையும் கை தூக்கியே முடிவு செய்வார்கள். விரும்பிய எவரும் எழுந்து பேசலாம். அந்த நவம்பர் கூட்டம்தான் எனக்கு முதல் கூட்டம். அதற்காகப் புதுச் சட்டை வாங்கினேன் என்றால் என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

அதற்கு நாலைந்து வருடங்களுக்கு முன் பக்கத்து நகரத்துக்கு ஒரு பெரிய நிறுவனம் தன் அலுவலகத்தை மாற்றிக்கொண்டு வந்தது. அதோடு எங்கள் ஊருக்கு அமெரிக்கக் குடும்பங்கள் வரத் தொடங்கின. கெட்ட மனிதர்கள் என்று சொல்ல மாட்டேன். கண்டால் சிரிப்பார்கள், கொஞ்சம் உரக்கக் கதைப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ஊர் மாறிப்போனது. பேக்கரியில் ஆங்கிலத்தில் பலகை வைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பழைய குடியிருப்பைக் காலி செய்வித்து, புதுப்பித்து, அவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அங்கே இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. அதில் ஒன்று என்னோடு வேலை செய்யும் நண்பருடையது. பிள்ளைகளோடு அடுத்த ஊருக்குப் போனார். இப்போதும் காலையில் ரயில் ஏறித்தான் வேலைக்கு வருகிறார்.

எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொன்னால் பாதி நண்பருக்காக, பாதி எனக்காக. நான் வந்த புதிதில் ஊர் அலுவலகத்தில் இருந்த பெண், காது கேளாதவனோடு பேசுவதுபோல மெல்ல மெல்ல ஜெர்மன் பேசுவாள். எனக்கு ஆங்கிலம் தெரியுமா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அதே அலுவலகத்தில் அமெரிக்கர் ஒருவர் வந்து நின்றால் இப்போது உடனே ஆங்கிலம் வருகிறது. அவர்களுக்கு எக்ஸ்பாட், அதாவது வேலைக்காக வந்தவர் என்று பெயர். எங்களுக்கு அவுஸ்லெண்டர், அதாவது வெளிநாட்டான். விமானத்தில் வந்தவர்கள்தான் இரு பகுதியும்.

ஊரின் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில், மேல் மாடியில் இரண்டு அறைகள் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு. சனிக்கிழமை பின்னேரங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வருவார்கள். என் மனைவி அங்கே மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். பதினைந்து வருடங்களாக நடக்கிறது. வாடகை கொடுத்து வேறு இடம் எடுக்க எங்களுக்கு வசதி இல்லை.

கூட்டத்துக்கு முன் வாக்காளர்களுக்கு ஒரு சிறு புத்தகம் அனுப்புவார்கள். அதில் ஐந்தாவது விடயமாக, ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் சிறுவர் விளையாட்டுக் குழு ஒன்றுக்காகச் சனிக்கிழமைகளில் பழைய பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கிறார்கள் என்று இருந்தது. சனிக்கிழமை, பழைய பள்ளிக்கூடம் என்ற இரண்டைக் கண்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வீட்டைப் பிடித்தவர்கள் பள்ளிக்கூடத்தையும் பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

மனைவி சொன்னாள்: "இடம் கேட்ட மனுசி எதிர் வீட்டிலதானே இருக்கிறா. ஒருக்காப் போய்க் கதைச்சுப் பாருங்கோவன்."

"கதைக்க என்ன இருக்கு? எங்கட பிள்ளையளை வெளியால விட்டாப்பிறகோ போய்க் கதைக்கிறது?" என்றேன்.

கூட்டம் இரவு எட்டு மணிக்கு. நூறு பேர் வரை வந்திருந்தார்கள். தமிழர் நான் ஒருவன்தான். மண்டபத்தின் ஓரத்தில் தனியாகப் பத்துக் கதிரைகள் போட்டிருந்தார்கள். வாக்குரிமை இல்லாதவர்களுக்கான இடம் அது. அங்கே உட்கார்ந்து கேட்கலாம், பேச முடியாது. இடம் கேட்டிருந்த அந்த அமெரிக்கப் பெண் அங்கே தனியாக, மடித்த தாள் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டு கையை அசைத்தாள். நான் காணாததுபோல முன்வரிசைக்குப் போனேன்.

அந்தக் கதிரைகள் எனக்குப் புதியவை அல்ல. பதினைந்து வருடங்களுக்கு முன் தமிழ்ப் பள்ளிக்கு இடம் கேட்டபோது நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். இவர்கள் முதலில் ஜெர்மனைப் படிக்கட்டும், பிறகு தமிழைப் பார்க்கலாம் என்று ஒருவர் எழுந்து சொன்னார். நான் மாலை வகுப்பில் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்களுக்காகப் பேசியதால்தான் இடம் கிடைத்தது. இந்த ஞாபகமாவது என்னைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

ஐந்தாவது விடயம் வந்ததும் எழுந்தேன். தொழிற்சாலைச் சாப்பாட்டு நேரங்களில் பழகிய பெர்ன் பகுதி ஜெர்மன் பேச்சு வழக்கிலேயே பேசினேன். இவர்கள் மூன்று வருடத்துக்கு வருகிறார்கள், நிறுவனம் கூப்பிட்டதும் போய்விடுவார்கள், மொழியைப் படிக்கிறார்கள் இல்லை, இவர்களால் வாடகை ஏறி இங்கே பல காலம் இருந்தவர்கள் வெளியேறுகிறார்கள் என்றேன். நம்முடைய ஊர்ப் பள்ளிக்கூடம் இந்த ஊரோடு சேர்ந்தவர்களுக்கே இருக்க வேண்டும் என்று முடித்தேன். நம்முடைய ஊர் என்று நான் நாலு பேருக்கு முன்னால் சொன்னது அதுவே முதல் தடவை.

கைதட்டினார்கள். ஒருவர் இருவர் அல்ல, மண்டபத்தில் பாதிப்பேர். துப்பாக்கி சுடும் கழகத்தைச் சேர்ந்த ஒருவர், தெருவில் வணக்கம் சொன்னால் பதில் சொல்லாத மனிதர், திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்துநான்கு வருடங்களில் இந்த ஊர் எனக்குக் கைதட்டியது அன்றைக்குத்தான்.

அடுத்து அந்தத் துப்பாக்கிக் கழகக்காரர் எழுந்தார். முன்னால் பேசியவர் சொன்னது முற்றிலும் சரி, ஆனால் ஒருவருக்கு மட்டும் மறுப்பது நியாயம் இல்லை என்றார். ஆகவே பழைய பள்ளிக்கூடம் ஊர்க் கழகங்களுக்கு மட்டும், பிறமொழிக் குழுக்கள் எதற்கும் இல்லை என்று விதியை எழுதுவோம், மேல் மாடிக்கும் சேர்த்து என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் சொல்லித் தருகிற குரலில் சொன்னார்.

மேல் மாடியில் இருப்பது நாங்கள். மறுபடி எழுந்தேன். நாங்கள் வேறு, எங்கள் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள், பள்ளிக்கூடம் பதினைந்து வருடங்களாக நடக்கிறது என்று ஏதோ சொன்னேன். சற்று முன் அருவியாக ஓடிய மொழி இப்போது வாயில் வரவில்லை. அவர் மரியாதையாகவே பதில் சொன்னார். இவர் இப்போது எங்களில் ஒருவர், எங்களில் ஒருவருக்கு விதி எல்லாருக்கும் ஒன்று என்பது விளங்கும் என்றார். அதற்கும் சிலர் கைதட்டினார்கள்.

கூட்டத் தலைவர் வாக்குக்கு விட்டார். எதிர்த்துக் கை தூக்கியவர்களை எண்ண அதிக நேரம் எடுக்கவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடம் கிறிஸ்துமஸ் விடுமுறையோடு இடத்தை விட வேண்டும் என்று முடிவானது. அந்தப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற என்று போனவன் நான்.

சைக்கிளை எடுக்கப் போனபோது அந்த அமெரிக்கப் பெண் பின்னால் ஓடி வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். இந்த ஊர்ப் பேச்சு வழக்கு தனக்கு ஒரு சொல்லும் விளங்காது என்றாள். ஆனால் எங்கள் விடயம் வந்ததும் நீங்கள் எழுந்து பேசினீர்கள், எல்லோரும் கைதட்டினார்கள், எங்களுக்காகப் பேசியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை என்றாள். பிறகு, இடம் கிடைத்துவிட்டதா என்று கேட்டாள்.

வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உங்களுக்கு ஏன் இல்லை என்று அவள் திகைத்துப்போய்க் கேட்டாள். நான் சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தேன். அவள் கையில் இருந்த தாளை என்னிடம் தந்தாள். வாசிக்கலாம் என்று எழுதிக்கொண்டு வந்தேன், பேச அனுமதி இல்லை என்று வாசலில்தான் சொன்னார்கள், உங்களுக்காவது பயன்படுமா பாருங்கள் என்றாள்.

வீட்டில் மனைவிதான் அதை வாசித்தாள். பாடப்புத்தக ஜெர்மன், பேனாவால் அடித்துத் திருத்திய பிழைகள். தாங்கள் கேட்பது கீழ் மாடியில் பூட்டியிருக்கும் அறையை, அதுவும் காலையில் மட்டும் என்று எழுதியிருந்தாள். மேல் மாடியில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இத்தனை வருடமாக ஒழுங்காக நடப்பதைப் பார்த்துத்தான் தங்களுக்கும் கேட்கும் தைரியம் வந்தது என்றும், தமிழ்ப் பெற்றோரிடம் இந்த ஊரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை என்றும் எழுதியிருந்தாள். மனைவி தாளை மேசையில் வைத்தாள்.

"தெருவைக் கடந்தா அவவின்ர வீடு. செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம்" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்து நேரே எதிர் வீட்டுக்குப் போனேன். நான் கூட்டத்தில் பேசியதை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வாடகை விடயம் உண்மையா என்று மட்டும் கேட்டாள். இதே கட்டடத்தில் என் நண்பர் குடும்பம் பதினொரு வருடம் இருந்தது என்றேன். எங்களுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை என்றாள். பிறகு நான் வந்துவிட்டேன்.

அதைவிடக் கடினமானது சனிக்கிழமை. வகுப்பு முடிந்ததும் பெற்றோரைக் கூட்டி, இடம் போய்விட்டது என்று மனைவி அறிவித்தாள். எப்படிப் போனது என்று சொல்லவில்லை. அதை எனக்கு விட்டிருந்தாள்.

"பாத்தியளோ? எவ்வளவு காலம் இருந்தாலும் வெள்ளை வெள்ளைதான். துரத்திப்போட்டாங்கள்" என்றார் ஒரு தகப்பன். எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கூட்டத்தில் வேறு தமிழர் இல்லை, யாரும் அறியப்போவதில்லை. அப்படி இருந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். மனைவி கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை.

"துரத்தினது அவங்கள் இல்லை. நான்தான்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அமெரிக்கர்களுக்கு எதிராக நான் சொன்ன சொற்கள், கிடைத்த கைதட்டல், பிறகு அதே சொற்கள் எங்கள் மேல் வந்து விழுந்தது, அந்தத் தாளில் இருந்தது, எல்லாம். சொல்லி முடித்தேன். ஒரு தாய் மகளுக்குக் குளிர்ச்சட்டையைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டா. இன்றுவரை அவ என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அதில் பிழை சொல்ல மாட்டேன்.

வீட்டை இழந்த என் நண்பரும் மகளை ஏற்ற வந்து அங்கே நின்றார். அவர்தான் என் தோளில் கை வைத்தார். "விடுங்கோ அண்ணை. நானெண்டாலும் அதைத்தான் கதைச்சிருப்பன்" என்றார். பின்னால் நின்ற இரண்டு மூன்று பேரும் "ஓம், நாங்களும்தான்" என்றார்கள்.

இப்போது எங்கள் பள்ளிக்கூடம் தேவாலயத்தின் நிலவறையில் நடக்கிறது. அந்த இடத்தைத் தேடிப் பிடித்தது என் மனைவியும் அந்த அமெரிக்கப் பெண்ணும். காலையில் அவர்கள், பின்னேரம் நாங்கள். சன்னல் சின்னது, வெளிச்சம் போதாது, பிள்ளைகளும் சிலர் குறைந்துவிட்டார்கள். அவளும் நானும் பெரிய நண்பர்கள் ஆகிவிடவில்லை. கண்டால் நின்று இரண்டு வார்த்தை கதைப்போம்.

நண்பர் அன்று சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, அன்றிரவு நிம்மதியாகக் கூடத் தூங்கினேன். ஆனால் என் இடத்தில் யார் எழுந்து நின்றிருந்தாலும் அதே பேச்சுத்தான் வந்திருக்கும், அதே கைதட்டலில் அவர்களும் மயங்கியிருப்பார்கள் என்பதை இப்போது நினைத்தால், அந்த ஆறுதல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.