அம்மா எழுதிய ஒன்பது காரணங்கள்

என் தம்பி நிறைமாதத்தில் பிறந்தான். அது தானாக அமைந்ததல்ல. அவன் வயிற்றில் வருவதற்கு முன்பே அம்மா அவனுக்காக அரியலூருக்கு பஸ் ஏறினாள்.

நான் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். பல வாரங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தேனாம். உடையார்பாளையத்தில் எங்கள் உறவுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அம்மா அடிபம்பு அடித்தாள், பப்பாளி தின்றாள், முந்திரிக்காட்டில் கையைத் தூக்கிக் கிளையை வளைத்தாள், கிரகணத்தன்று வெளியே வந்தாள். யார் எதைச் சொன்னாலும் அம்மா மறுத்துப் பேசியதில்லை. எனக்கு ஏழு வயதானபோது அத்தனையையும் என் பழைய நாலுகோடு நோட்டில் எண் போட்டு எழுதினாள். ஒன்பது வந்தது.

அந்த நோட்டோடுதான் அரியலூருக்குக் கிளம்பினாள். துணைக்கு அப்பாவின் தங்கை வந்தாள். பள்ளி விடுமுறை என்பதால் நானும் போனேன். பஸ் கிளம்பியதிலிருந்தே அத்தைக்குத் தாங்கவில்லை.

"வயித்துல ஒண்ணும் இல்லாம பிரசவ டாக்டர பாக்கப் போறது நம்ம வூட்டுலதான் நடக்கும் அண்ணி."

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய நர்ஸ், "எத்தன மாசம்?" என்றார்.

"இன்னும் இல்லைங்க. அடுத்தது நெறமாசமாப் பொறக்கணும். அதுக்கு என்ன செய்யணும்னு கேக்க வந்தேன்."

வரிசையில் இருந்த வயிறுகளெல்லாம் குலுங்கின. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் இடத்தை விட்டு எழவில்லை.

டாக்டரம்மாவின் முன்னால் நோட்டைத் திறந்தாள்.

"அடிபம்பு அடிச்சதாலங்களா?"

"இல்லம்மா."

அம்மா அந்த வரியைப் பேனாவால் அடித்தாள். பப்பாளியையும் அடித்தாள். கிரகணத்துக்கு டாக்டரம்மா சிரித்துவிட்டார்; அதுவும் போயிற்று. எட்டும் போன பிறகு அம்மாவின் குரல் இறங்கியது. ஒன்பதாவது உறவுக்காரர்கள் சொன்னதல்ல, அவளே எழுதிச் சேர்த்தது.

"இவ வயித்துல இருக்கறப்ப ரெண்டு நாளு காய்ச்சலுங்க. ஒண்ணுக்குப் போனா எரிச்சல். யாருகிட்டயும் சொல்லல."

டாக்டரம்மா நோட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் படித்தார்.

"அதுவா இருக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியாது. இந்தத் தடவ யூரின், ரத்தம் எல்லாம் முன்னாடியே பாத்துருவோம். நாள் தள்ளிப்போனதும் வந்துருங்க. லேசா காய்ச்சல்னாலும் அன்னிக்கே வரணும்."

அம்மா ஒன்பதாவதுக்கு டிக் போட்டு, அதன் கீழே செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிக்கொண்டாள். ஒரு கோளாறுக்குக் காரணம் தேடும் முறையைப் பின்னாளில் எனக்குக் கல்லூரியில் நான்கு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். இதைவிடச் சுத்தமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் அத்தை கேட்டாள்.

"எப்ப வந்துச்சு அண்ணி காய்ச்சல்?"

"ஒன் கல்யாணத்தப்ப."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா? ஒன்னய மணவறையில விட்டுட்டு என்னய யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாருவா?"

அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அத்தை சிரிக்கவில்லை. அம்மாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் நோட்டு என் மடியில் இருந்தது. எங்கள் டீச்சர் கோடு போட்டு அடித்தால் தப்பு, டிக் போட்டால் சரி. எட்டு தப்பு என்றால் பெயிலேதான். அம்மாவைத் தேற்ற நினைத்து, "கடைசி ஒண்ணாச்சும் சரியா எழுதியிருக்கியேம்மா" என்றேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தை என் தொடையில் கிள்ளினாள். பாராட்டியதற்கு எதற்காகக் கிள்ளு வாங்கினேன் என்பது வெகுநாள் வரை எனக்கு விளங்கவில்லை.