ஆடியது வண்டிதான்

அந்த வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்தால் பல் ஆடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகிற சாலையில் திருப்பாலைவனம் தாண்டிக் கொஞ்சம் வேகம் பிடித்ததும் முதலில் ஸ்டியரிங் லேசாக நடுங்க ஆரம்பிக்கும். பிறகு அந்த நடுக்கம் கீழே இறங்கித் தகரத் தரைக்கு வந்து, என் உள்ளங்காலில் ஏறி, முழங்கால், வயிறு, தாடை என்று போய், விழக் காத்திருந்த கடைவாய்ப் பல்லை வந்து ஆட்டிப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். மறுபடி மிதித்தால் மறுபடி வரும். நைனா, அதாவது என் அப்பா, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே, "நீயே பாத்துக்கோ பாப்பா, ஆடறது நானா வண்டியா?" என்பார்.

அப்போது எனக்கு ஐந்தாம் வகுப்பு முடிந்து விடுமுறை. எங்கள் குப்பத்தில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து அந்த வருடம் தை மாதத்தில்தான் அந்தப் பழைய பிக்கப்பை வாங்கியிருந்தார்கள். ஜீப்பின் மூக்கும், பின்னால் மரப்பலகை அடித்த தொட்டியும், எத்தனை கை மாறியது என்று வண்டிக்கே நினைவிருக்காத வயதும் கொண்ட வண்டி. வேகம் காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. எங்கள் ஏரியில் நல்ல இடத்தில் வலை போடுவதற்கு முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று வருகிற அந்த முறைக்குப் 'பாடு' என்று பெயர். ஏரிக்கு இருக்கிற சட்டம்தான் வண்டிக்கும் என்று நான்கு பேரும் பேசி முடிவு செய்தார்கள். யார் பாடோ அவர் ஓட்டுவார், இறாலும் நண்டும் ஏற்றிக்கொண்டு மீஞ்சூர் மார்க்கெட்டுக்குப் போய் வருவார், சாயங்காலம் வண்டியைக் கழுவி அடுத்த பாட்டுக்காரர் கையில் விடுவார். பெரியப்பாவின் பாட்டுக்கு அடுத்தது எங்கள் பாடு.

வண்டி ஆடியது எங்கள் பாட்டில் மட்டும்தான். மற்ற மூன்று பேர் கையிலும் அது சாதுவாக ஓடியது.

இதில் இன்னொரு கேடும் இருந்தது. எங்கள் பாட்டிலும் காலையில் போகும்போதுதான் ஆடும், மத்தியானம் திரும்பும்போது ஒன்றும் இருக்காது. நைனா ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். முந்தின வருடம் ஆடியில், அம்மன் கோவில் கூழ் ஊற்றிய அன்று, எல்லோர் எதிரிலும் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டவர். குடிக்கிறவன் கை காலையில் நடுங்கும், பொழுது ஏறினால் தெளிந்துவிடும் என்பது குப்பத்தில் குழந்தைக்கும் தெரியும். வண்டியும் அச்சு அசலாக அதையே செய்தது. பெரியப்பா எல்லோர் எதிரிலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என் பாட்டுல நல்லாதானேப்பா ஓடுது. வண்டி ஆடல, ஆளுதான் ஆடறான்." அவருக்கு அது கிண்டல். எங்கள் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை.

அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். குடித்த நாட்களில் நைனா வீட்டுக்கு வந்த விதத்தை அவள்தான் பார்த்தவள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இருட்டில் தோணித்துறை வரைக்கும் தேடிப் போனவள் அவள்தான். இன்னொரு முறை குடித்தால் பிள்ளைகளோடு அனுப்பம்பட்டில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று அவளும் அதே கோவிலில் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். பெரியப்பா பேசிய மறுநாளே தகரப்பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். எங்கள் பாடு வரும் நாட்களில் விடுமுறையைச் சாக்கு வைத்து என்னை வண்டியில் ஏற்றி அனுப்பினாள். எதற்கு என்று அவள் சுற்றி வளைக்கவில்லை.

"பக்கத்துலயே குந்து. வாடை வருதான்னு பாரு. எங்க எறங்குறாரு, யாராண்ட பேசறாருன்னு பாரு."

திரும்பி வந்ததும் கிணற்றடியில் கேட்பாள்: "இன்னாடி, வாடை இருந்திச்சா?"

"இல்லம்மா. வண்டிதாம்மா ஆடுது."

"அப்டி சொல்லச் சொன்னாரா உங்க நைனா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? டீசல் வாடை இருந்தது, ஐஸ் தண்ணீரில் ஊறிய இறால் வாடை இருந்தது, பீடி வாடை இருந்தது. அவள் கேட்ட வாடை மட்டும் இல்லை. இல்லாததை எப்படி நிரூபிப்பது என்று பத்து வயதில் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

நைனாவுக்கு என் வேலை இரண்டாவது பாட்டிலேயே தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை. அதன் பிறகு வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் என் பக்கம் குனிந்து வாயைத் திறந்து ஊதுவார். "மோந்துக்கோ பாப்பா. வூட்ல போய் சொல்லணுமில்ல." முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. நாலைந்து முறைக்குப் பிறகு அவர் ஊதும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அழுகை வந்தது.

அந்தக் கோடை முழுக்க அவர் வண்டியின் முன்பாகத்தைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார். மீஞ்சூரில் கூடைகளை இறக்கிவிட்டு, பொன்னேரி ஐஸ் கம்பெனிக்கு வந்து, அங்கே பெரிய குழாயில் வண்டியை மேலும் கீழுமாக அடித்துக் கழுவி, ஐஸ் ஏற்றிக்கொண்டு, நேரே காசிம் பாயின் பட்டறைக்குப் போவோம். பாய் பொறுமைசாலி. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டி பேரிங் பார்த்தார். பக்கவாட்டில் ஆட்டி கிங் பின் பார்த்தார். கீழே படுத்து டை ராட் முனையைப் பிடித்துக்கொண்டு என்னை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார். ஒரு முனை தேய்ந்திருந்தது, மாற்றினார். டயரை முன்னது பின்னதாகப் போட்டார். ஒவ்வொரு முறையும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, நன்றாகத்தானே ஓடுகிறது என்பார். திரும்பும் வழியெல்லாம் ஆடாது. நைனா முகம் தெளிந்துவிடும், விசில் கூட அடிப்பார். அடுத்த பாட்டில் திருப்பாலைவனம் தாண்டியதும் மறுபடி என் பல் ஆடும்.

"காலைல ஆடுச்சி பாய், சத்தியமா ஆடுச்சி" என்று ஒருநாள் நைனா சொன்னார்.

"இருக்கற நோவ காட்டுப்பா, மருந்து தரேன். வந்துட்டு பூட்ட நோவுக்கு நான் இன்னா பண்ணுவேன்? பேஜாரா கீது எனக்கும்" என்றார் பாய். அவர் நைனாவின் கண்ணைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். அதை நைனாவும் கவனித்தார். அன்று திரும்பும்போது விசில் இல்லை.

அதற்கு அடுத்த பாட்டின்போது அம்மா பெட்டியில் துணி அடுக்கிவிட்டாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கிளம்பினால் என்னை அனுப்பம்பட்டிலேயே சேர்த்துவிடலாம் என்று அவள் கணக்கு. நைனா பெட்டியைப் பார்த்தார், வண்டியை எடுத்தார். அன்று எனக்கு ஊதிக் காட்டவும் இல்லை.

மெதூர் தாண்டுவதற்குள் முன் சக்கரத்தில் காற்றுப் போனது. நைனா திட்டிக்கொண்டே ஓரம் கட்டி, புளியமரத்தடியில் ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றிக் கீழே சாய்த்தார். சக்கரத்தின் உள்பக்கம், அதாவது வண்டிக்கு அடியில் படுத்தாலொழிய கண்ணில் படாத அந்தப் பக்கம், மேலே தெரிந்தது. வளையத்தின் ஒரு பகுதியில் மட்டும், நான்கு விரல் கனத்துக்கு, சாம்பல் நிறத்தில் சேறு சிமெண்ட் பூசியதுபோல் காய்ந்து ஒட்டியிருந்தது. மற்ற பகுதி காலி.

நைனா ஸ்பேனரை வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். பிறகு விரலால் அதைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு கரிக்குது, ஏரி சேறு" என்றார். "அண்ணன் வண்டிய சேத்துல எறக்கியிருக்கு."

பிறகு எல்லாம் விளங்கியது. கோடையில் எங்கள் பக்கம் ஏரி உள்வாங்கிவிடும். பெரியப்பாவின் வலை ஆழமில்லாத மேல்பக்கம். கூடைகளை வெகுதூரம் தலையில் சுமக்க வேண்டாமென்று அவர் தன் பாட்டில் வண்டியையே தோணி வரைக்கும் இறக்கி ஏற்றியிருக்கிறார். சாயங்காலம் சொன்ன வாக்குப்படி கழுவியும் இருக்கிறார், வெளியே தெரிகிற இடத்தை எல்லாம். அவர் ஓட்டும்போது ஈரமாகச் சக்கரத்தின் உள்ளே சுற்றிலும் அப்பியிருக்கும் சேறு, இரவில் வண்டி நிற்கும்போது சக்கரத்தின் அடிப்பக்கம் வழிந்து சேர்ந்து, விடிவதற்குள் இறுகிவிடும். ஒரு பக்கம் மட்டும் கனம் ஏறிய சக்கரம் வேகம் எடுத்தால் ஆடாமல் என்ன செய்யும்? ஐஸ் கம்பெனிக் குழாய் அதைக் கரைத்து அனுப்பிய பிறகுதான் நாங்கள் ஒவ்வொரு முறையும் பாயிடம் போய் நின்றோம். பின் சக்கரத்திலும் சேறு இருந்திருக்கும், லோடு அழுத்துவதால் கைக்குத் தெரியவில்லை என்று பாய் பிறகு சொன்னார். வண்டியை அத்தனை முறை ஆராய்ந்த நாங்கள், ஒவ்வொரு முறையும் அதைக் கழுவிவிட்டே ஆராய்ந்தோம்.

நைனா மாற்றுச் சக்கரத்தைப் பூட்டி, அடுத்த பக்கத்துச் சக்கரத்தையும் கழற்றித் தட்டினார். பெரிய சில்லாகப் பெயர்ந்து வந்ததை என் மடியில் வைத்து, பத்திரம் என்றார். மெதூரைத் தாண்டி நேர்ச்சாலை வந்ததும் வண்டியை விரட்டினார். ஒரு நடுக்கம் இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினார். நான் கை தட்டினேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது, முதலில் எதைச் சொல்வது என்று வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சொல்ல வேண்டியே இருக்கவில்லை. நைனா அந்தச் சேற்றுச் சில்லை வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முன்னால் வைத்து, நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னார். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், எழுந்து போய்ப் பெட்டியிலிருந்த துணியை எல்லாம் கொடியில் எடுத்துப் போட்டாள், "நான் இன்னான்னு கண்டேன், ஊரே சொல்லுச்சே, நான் இன்னான்னு கண்டேன்" என்றாள்.

நைனா கை கழுவிக்கொண்டே சொன்னார்: "சேத்தப் பாத்ததும் நம்பிட்டே சரசு. மூஞ்சியப் பாத்து நம்பல."

சத்தம் போட்டிருந்தால் சரியாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் மெதுவாகச் சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சந்தோஷமாக ஓடி வந்த எனக்கு, என்ன கெட்டுப்போனது என்று புரியாமலே பயமாக இருந்தது.

பெரியப்பாவிடம் சொன்னபோது, "ஏரில சேறு இல்லாம சந்தனமா இருக்கும்?" என்று சிரித்தார், ஆனால் அதன் பிறகு வண்டியைக் கரையோடு நிறுத்திக்கொண்டார். நைனா மேலும் பல வருடம் எங்கள் பாட்டை ஓட்டினார். வீட்டுக்கு வேண்டியதை எல்லாம் செய்தார். சாப்பிட்டாயா, மருந்து வாங்கினாயா என்ற அளவில் அம்மாவோடு பேசினார். ஊரில் நடந்ததைச் சொல்லி அவளைச் சிரிக்க வைக்கிற பழக்கம் ஒன்று அவருக்கு இருந்தது, அது மட்டும் திரும்பி வரவில்லை.

வண்டி பழைய இரும்பாக எடைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. இப்போது குட்டி யானை வண்டிகள் வீட்டு வாசலுக்கே வந்து இறாலை எடைபோட்டு எடுத்துக்கொண்டு போகின்றன. வண்டிக்குப் பாடு வைத்திருந்தோம் என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை. நைனா போன பிறகு அம்மாவைப் பார்க்க மாதம் ஒருமுறை மீஞ்சூரிலிருந்து போகிறேன். யாராவது வந்து அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்மா பெருமையாகவே சொல்வாள்: "அந்த வண்டி சமாச்சாரத்துக்கு அப்புறம் அந்த மனுசன் குடிய தொடவே இல்ல, தெரியுமா?"

"அதுக்கு முந்தியே வுட்டுட்டாரும்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். "ஆமா, ஆமா" என்கிறாள். அடுத்த முறை வேறு யாரோ வந்து உட்கார்ந்ததும், மறுபடியும் அப்படியேதான் சொல்கிறாள்.