கங்கம்மாவுக்கு ஏற்றிய ஊதுபத்தி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. தினமும் விளக்கேற்றி, செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்குப் போய் வருகிற குடும்பப் பெண். இதில் சாமி விஷயம் வருகிறது. போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு நல்ல மனிதரின் விஷயமும் வருகிறது. இரண்டு பக்கமும் குறை வந்துவிடக் கூடாதே என்ற பயம்தான்.

அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமில்லை. அல்சூரில் எங்கள் தெருமுனையில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறக்க மாட்டார். தானே செய்த சின்னப் பாய்மரப் படகைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார். அதில் மோட்டார் கிடையாது. ரிமோட்டால் பாயை இழுக்கலாம், தளர்த்தலாம், சுக்கானைத் திருப்பலாம், அவ்வளவுதான். ஓட்டுவதெல்லாம் காற்று. அவரைப் போலவே இன்னும் சில பேர் வருவார்கள். தண்ணீரில் மஞ்சள் கேன்களை மிதக்கவிட்டு அவற்றைச் சுற்றிப் பந்தயம் நடக்கும்.

சின்ன வயதில், ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியை வாங்கிவரப் போன இடத்தில் நான் படகின் பாயைத் தொட்டுவிட்டேன். மாமா திட்டவில்லை. "தொட்டுட்டே இல்ல? ஞாயித்துக்கிழமை வந்து தூக்கு" என்றார். அப்படித்தான் போக ஆரம்பித்தேன்.

படகை விடுவதற்கு முன் மாமா ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தித் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். சாமிக்கு என்று நினைத்து முதல் நாள் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். சாமிக்கு இல்லை, காற்றுக்கு என்றார். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதைப் பார்த்துத்தான் பாயை வைக்க வேண்டுமாம்.

என் அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பீன்யாவில் கம்பெனி வேலை, வாரமெல்லாம் ஷிப்டு. பெண் பிள்ளைக்கு ஏரிக்கரையில் என்ன வேலை என்பது ஒன்று. அந்த ஆள் கோயில் வாசலையே மிதிக்காதவர் என்று யாரோ சொல்லிவிட்டது இன்னொன்று. அம்மாதான் எனக்காகப் பேசினாள். "படகு விடறதுக்கு முன்னாடி ஊதுபத்தி ஏத்துறாருங்க. என் கண்ணால பாத்தேன். சாமி இல்லாத மனுஷனா அவரு?" நான் வாயே திறக்கவில்லை. அப்பா தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். பார்த்துப் பிடிக்கவில்லையென்றால் அதோடு ஏரி முடிந்தது. அந்த ஞாயிறுதான் மாமா முதன்முதலாக ரிமோட்டை என் கையில் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அப்பா நெற்றி நிறைய விபூதியோடு வந்து படியில் நின்றார். முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மாமா ஊதுபத்தியைக் கொளுத்தினார்.

"யாருக்குங்க ஊதுபத்தி?" என்று அப்பா கேட்டார்.

பந்தயத்தில் கேனை இடித்துவிட்டு இடிக்கவில்லை என்பவர்களை விடாமல் சண்டை பிடிக்கிறவர் மாமா. அவர் வாயில் பொய் வராது. முடிந்தது என்று நினைத்தேன். மாமா என்னை ஒரு தரம் பார்த்தார். ஊதுபத்தியைப் படியின் இடுக்கில் சொருகினார். செருப்பைக் கழற்றினார். தண்ணீரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"கங்கம்மாவுக்குங்க. குழந்தை தண்ணியில எறங்குதில்ல."

அப்பாவும் உடனே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "பாப்பா வரட்டும். வெயில் ஏர்றதுக்குள்ள அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா தலை மறைந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. "பொய் சொன்னீங்க மாமா. சாமி கண்ணக் குத்தும்."

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு. நீ ரிமோட்டப் பிடி, புகை இந்தாண்ட சாயுது."

படகைக் கொண்டுபோய்ப் பாசியில் சிக்கவைத்தேன். கடைசியாகத்தான் வந்தேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் மாமா செருப்பைக் கழற்றிக் கைகூப்பினார். எங்கள் தெருக்காரர்கள் ஏரிக்கரையில் நடக்க வருவார்கள். பார்த்ததை அப்பாவிடம் சொல்வார்கள். பந்தயத்துக்கு வருகிற ஒருவர், "ஏன் குரு, பூசாரி ஆயிட்டியா?" என்று சீண்டுவார். மாமா குனிந்து பாயின் கயிற்றைச் சரிபார்ப்பார். எனக்கோ ஒரே பெருமை. நாஸ்திகரைத் திருத்திவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாமா இறந்தபோது போனேன். என் கல்யாணத்துக்குப் பிறகு நடந்தது அது. தலைமாட்டில் விளக்கில்லை, நெற்றியில் விபூதி இல்லை. அவருடைய அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அவர்களுடைய அப்பாவை ஒரு காலத்தில் கோயில் வாசலோடு நிறுத்தித் திருப்பி அனுப்பினார்களாம். அன்றிலிருந்து இந்த வீட்டில் எந்தச் சாமிக்கும் கைகூப்புவதில்லை என்று வைராக்கியம்.

"சாகுற வரைக்கும் என் தம்பி எதுக்கும் கையெடுத்துக் கும்பிட்டதில்லம்மா" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? இப்போது அந்த அக்காவும் இல்லை. ஆனால் எங்கள் பஜனைக் கூட்டத்தில், ஏரிக்கரையில் கங்கம்மா ஒரு நாஸ்திகரை ஆட்கொண்ட கதை நடமாடுகிறது. நான் சின்ன வயதில் பரப்பியதுதான், கையும் காலும் முளைத்து என்னிடமே வந்திருக்கிறது. அதனால்தான், தாயே பொறுத்துக்கொள் என்று கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். அம்மன் கனவில் வந்தாள், அவர் மனம் மாறினார் என்று எதையும் சேர்க்காதீர்கள். அவர் மனம் மாறவே இல்லை. ஒரு பெண் குழந்தையை ஏரிக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காக, அந்த மனத்தோடேயே வாராவாரம் கைகூப்பினார்.