டியூப் சுத்தின ஸ்பூன்

தொண்ணூத்தேழாம் வருஷக் கோடை. எங்களுக்கு கிரீன் கார்டு வந்து மூணு மாசம்தான் ஆயிருந்துச்சு. நியூ ஜெர்சியில, பிஸ்கட்டவேல ஒரு அபார்ட்மென்ட்ல இருந்தோம். நான் ஒரு மருந்துக் கம்பெனியில கான்ட்ராக்ட் ப்ரோக்ராமர். ஒரு ப்ராஜெக்ட் முடிஞ்சு அடுத்தது தொடங்க ஏழு வாரம் இருந்துச்சு. வீட்டுக்காரர் எங்க ஆறு வயசுப் பையனைக் கூட்டிக்கிட்டு ஈரோட்டுக்குக் கிளம்பினார். நியாயமா நானும் அவங்களோட போயிருக்கணும்.

ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட்ல இருந்த அமெரிக்கப் பெண்மணி, வருஷா வருஷம் அவங்க சர்ச் ஆட்களோட கென்யாவுல ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவாங்க. கை கால் சரியா இயங்காத பிள்ளைங்க தங்கிப் படிக்கிற இடம். "இந்த வருஷம் ஒரு ஆள் குறையுது, வர்றியா?"ன்னு கேட்டாங்க. சட்டுனு சரின்னுட்டேன். சேவை மனப்பான்மைன்னு சொல்லிக்கலாம். உண்மையைச் சொல்லட்டுமா? ஆளுக்கு ஒரு பதார்த்தம் சமைச்சுக் கொண்டு வர்ற பாட்லக் விருந்துல எல்லாரும் புது வீடு, மினிவேன்னு பேசுறப்ப எனக்கும் சொல்லிக்க ஒண்ணு வேணும்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசை. "உனக்கென்ன கிறுக்காடி, மலேரியா வந்துடும்"னு ஃப்ரெண்ட்ஸ் சொல்லச் சொல்ல எனக்கு வீம்புதான் ஏறுச்சு.

நைரோபியிலேருந்து வேன்ல ஒரு முழு நாள். கடைசி ரெண்டு மணி நேரம் செம்மண் ரோடு, இடுப்பு ஒடிஞ்சு போச்சு. தகரக் கூரை போட்ட மூணு கட்டடம். சின்னப் பிள்ளைங்க விடுதியை ஒரு வார்டன் அம்மா பார்த்துக்கிட்டாங்க. ஐம்பது வயசிருக்கும். இங்கிலீஷ் நல்லா பேசுவாங்க, ஆனா தேவைக்கு மேல ஒரு வார்த்தை வராது.

என் பொறுப்புல விட்ட சாப்பாட்டு மேஜையில அந்தப் பொண்ணு இருந்தா. ஏழு வயசு. பிறந்ததுலேருந்தே நடக்க முடியாது, கை அவ நினைச்ச பக்கம் போகாது. ஆனா வாயும் கண்ணும் படு சுட்டி. பக்கத்துப் பிள்ளை பாடத்தைத் தப்பா வாசிச்சா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிப்பா.

அவளுக்குன்னே வார்டன் ஒரு ஸ்பூன் தயார் பண்ணியிருந்தாங்க. பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவா வெட்டி, கைப்பிடியில தடியா சுத்தி, ஸ்பூனோட கழுத்தை ஒரு பக்கமா வளைச்சிருந்தாங்க. அதைப் பிடிச்சு வாய் வரைக்கும் கொண்டு போக அவளுக்கு எட்டு மாசம் ஆச்சாம். அங்கே தினமும் மக்காச்சோள மாவுல கிண்டின களி, நம்ம ஊர்க் களி மாதிரிதான், கூட பீன்ஸ். பாதி மடியில கொட்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

வார்டன் முதல் நாளே எல்லாத்தையும் தெளிவா சொல்லிட்டாங்க. அந்த மாசக் கடைசியில வெளியிலேருந்து ரெண்டு பேர் வந்து சோதிப்பாங்க. தானா சாப்பிடுற பிள்ளை பெரிய விடுதிக்குப் போகலாம், மேல படிக்கலாம். அங்கே நாற்பது பிள்ளைக்கு ஒரே ஆள், ஊட்டிவிட யாரும் கிடையாது. சாப்பிடத் தெரியலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அந்தக் கட்டிலுக்கு வேற பிள்ளை காத்துக்கிட்டிருக்கும். இவ வீடு ஏழு மைலுக்கு அந்தாண்ட. வீட்டுக்குப் போனா படிப்பு அதோட சரி. "நேரம் ஆனா ஆகட்டும். ஸ்பூனை மட்டும் அவ கையிலேருந்து வாங்கிடாதீங்க"ன்னாங்க.

நான் தலையை ஆட்டினேன். ஆட்டிட்டு என்ன பண்ணினேன் தெரியுமா?

முதல் வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பார்த்தேன். பசியோட ஒரு பிள்ளை தட்டோட மல்லுக்கட்டுது, சுத்தி எல்லாரும் சும்மா நிக்கிறாங்களே, இவங்கள்லாம் என்ன மனுஷங்கன்னு பொருமினேன். ரெண்டாவது வாரம் நாலு பிள்ளைங்களுக்கு அம்மை போட்டுடுச்சு. வார்டன் ராப்பகலா அவங்க கூடவே கிடந்தாங்க. என்னை நம்பி மேஜையை விட்டுட்டுப் போனாங்க. அன்னிக்கு மத்தியானம் அவ கையிலேருந்து ஸ்பூன் நழுவுச்சு. நான் களியை உருட்டி, பீன்ஸ் குழம்புல தொட்டு, அவ வாயில வெச்சேன். அவ கண்ணு அகலமாச்சு. முழுங்கிட்டு மறுபடியும் ஆ காட்டினா. அச்சு அசல் என் பையன் மாதிரியே.

நம்ம வீடுகள்ல ஆறு, ஏழு வயசுப் பிள்ளைக்கு ஊட்டுறதெல்லாம் ஒரு விஷயமா? என் பையன் டிவி முன்னாடி உட்கார்ந்து வாயை மட்டும் திறப்பான், நான் தட்டோட பின்னாடியே நிப்பேன். அதுலதான் எனக்கு நாளே நிறையும். பையனைப் பார்க்காம என் கை ரெண்டும் சும்மா தொங்கிக்கிட்டிருந்துச்சு.

அப்புறம் தினமும் ஊட்டினேன். பரீட்சைக்குப் போற பிள்ளைக்கு முட்டை அவிச்சுக் குடுக்கிறதில்லையா, அப்படித்தான் நினைச்சேன். உடம்புல தெம்பு ஏறினா சோதனையில ஜமாய்ச்சுடுவான்னு ஒரு கணக்கு. "சாப்பிட்டாளா?"ன்னு வார்டன் கேட்பாங்க. "நல்லா சாப்பிட்டா"ம்பேன். பொய் இல்லையே! அவ கன்னம் லேசா பூசினாப்ல ஆச்சு. எனக்குப் பெருமை தாங்கலை.

சோதனை நாள் வந்துச்சு. ரெண்டு பேர் வந்து உட்கார்ந்தாங்க. தட்டு வெச்சாங்க, ஸ்பூனைக் கையில குடுத்தாங்க. அது நழுவி விழுந்துச்சு. அவ எடுக்கக்கூட முயற்சி பண்ணலை. கழுத்தைத் திருப்பி, சுவரோரம் நின்ன என்னைத் தேடிப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே ஆ காட்டினா.

மறுபடி ஸ்பூனைக் குடுத்தாங்க. மறுபடியும் என்னைத்தான் பார்த்தா. வார்டன் தலையை நிமிர்த்தி என்னை ஒரு தடவை பார்த்தாங்க. ஐயோ, ரெண்டு அறை விட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

வந்தவங்ககிட்ட ஓடினேன். தப்பு என்னோடது, ரெண்டு வாரம் டைம் குடுங்கன்னு கெஞ்சினேன். அவங்க பொறுமையாத்தான் கேட்டாங்க. வேற பிள்ளைங்க வரிசையில இருக்காங்க, அடுத்த வருஷம் கூட்டிட்டு வரட்டும்னு எழுதிட்டுப் போயிட்டாங்க.

அவ அம்மாவுக்குச் சொல்லி அனுப்பி, அவங்க வர்றதுக்குப் பத்து நாள் ஆச்சு. அந்தப் பத்து நாளும் அவ எதிர்ல என் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு, அது மேலேயே உட்கார்ந்தேன். முதல் ரெண்டு நாள் தட்டைத் தள்ளிவிட்டு அழுதா. நானும் அழுதேன். நாலாம் நாள் ஸ்பூனைப் பிடிச்சா. பத்தாம் நாள் பத்து தடவைக்கு மூணு தடவை வாய்க்குப் போச்சு. ஆனா அவ கட்டில்ல வேற பிள்ளை வந்து படுத்தாச்சு.

அம்மா வந்தாங்க. என்னைவிடச் சின்னவங்க. வெறுங்காலோட விடியக்காலையிலேருந்து நடந்து வந்திருக்காங்க. திரும்பிப் போறப்ப பிள்ளையை முதுகுல கட்டிக்கிட்டுப் போகணும். பிள்ளை என்னைக் காட்டி என்னமோ சொன்னா. அவங்க நேரா வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுப் பேசினாங்க. வார்டன் எனக்கு இங்கிலீஷ்ல சொன்னாங்க. "நான் இல்லாத இடத்துல என் பிள்ளைக்குச் சோறு ஊட்டின கை, இது நல்லா இருக்கணும்"னாங்களாம்.

"என்னாலதான் இவ திரும்பி வர்றான்னு அவங்ககிட்டச் சொல்லுங்க"ன்னு வார்டனைக் கெஞ்சினேன்.

வார்டன் முடியாதுன்னுட்டாங்க. "சொன்னா உங்களுக்குப் பாரம் இறங்கிடும். அவங்க பிள்ளையோட சேர்த்து அதையும் ஏழு மைல் சுமக்கணும். வேணாம். இந்த ஸ்பூனை எப்படிப் பழக்கணும்னு சொல்லிக் குடுங்க, அது போதும்."

தட்டு வந்துச்சு. பிள்ளை ஸ்பூனைப் பிடிச்சு ஆடி ஆடித் தூக்குச்சு. அம்மா கை தன்னால பிள்ளை வாய்க்குப் போச்சு. நான் அந்தக் கையை மெதுவாப் பிடிச்சு, அவங்க மடியில வெச்சேன். மறுபடி போச்சு. மறுபடி வெச்சேன். அவங்க என்னை விசித்திரமாப் பார்த்தாங்க, ஆனா புரிஞ்சுக்கிட்டாங்க. கிளம்புறப்ப அந்த ஸ்பூனைத் துணியில சுத்தி இடுப்புல சொருகிக்கிட்டாங்க.

அவங்க ஈரோட்டுலேருந்தும் நான் கென்யாவுலேருந்தும் பிஸ்கட்டவேக்குத் திரும்பி வந்த முதல் ராத்திரி, ரசம் சாதத் தட்டை முன்னாடி வெச்சதும் என் பையன் டிவியைப் பார்த்துக்கிட்டே "அம்மா, ஃபீட் மீ"ன்னான். நீயே சாப்பிடுடான்னு ஸ்பூனை அவன் கையில குடுத்துட்டு, என் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு உட்கார்ந்தேன்.

அடுத்த வருஷம் போயிட்டு வந்த ஆபீஸ் தோழிகிட்ட முதல் கேள்வியா அந்தப் பொண்ணைத்தான் கேட்டேன். அந்தப் பக்கம் பெரிய மழையாம், பாதை அடிச்சுக்கிட்டுப் போச்சாம், சோதனைக்கு அவளை யாரும் கூட்டிட்டு வரலையாம். அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. இப்ப அவ தானா சாப்பிடுறாளா, யாராவது தப்பா வாசிச்சா மேஜையைத் தட்டிச் சிரிக்கிறாளா, எனக்குத் தெரியாது. இன்னிக்கும் யாருக்காவது உதவி பண்ணணும்னு என் கை முந்திக்கிட்டு நீளுறப்பல்லாம், பசி அவங்களுக்கா இல்லை என் கைக்கான்னு ஒரு தடவை கேட்டுட்டுத்தான் மேல போறேன்.