நாற்பத்தொன்றாம் டோக்கனின் மாத்திரை

சலவைக்கடையில் அவளுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். துணி மெஷினுக்குள் போகும் முன்னால் பாக்கெட்டுகளைத் துழாவ வேண்டும். மூடி கழன்ற ஒரு பேனா உள்ளே போனால் போதும், முப்பது பேர் சட்டை நீலமாகிவிடும். பக்கத்திலிருந்த கல்லூரி விடுதிப் பிள்ளைகள் அவளுக்குப் பாக்கெட் அக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். அம்மா வயசுதான் அவளுக்கு. ஆனாலும் அக்கா.

அதற்கு முன் பதினான்கு வருஷம் தையல் ஆலையில் நூல் வெட்டினாள். அங்கே ஒரு சட்டையைப் பார்த்தால் எல்லாச் சட்டையையும் பார்த்த மாதிரி. இங்கே அப்படியில்லை, ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு கதை. பாதி எழுதிய காதல் கடிதம், ஒற்றைக் கம்மல், காகிதத்தில் சுற்றிய கடைவாய்ப் பல். பல்லை எதற்கு ஒருத்தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிகிறான் என்று ஒரு வாரம் யோசித்தாள். புருஷன் பஸ் ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்பாள்.

"உனக்கெதுக்குடி ஊரான் பல்லு?" என்பார்.

"தெரிஞ்சிக்கத்தான்."

கடையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கிடைப்பதைக் காகித உறையில் போட்டு, டோக்கன் எண்ணை எழுதி, மடித்த துணியோடு குத்தித் திருப்பித் தர வேண்டும். வாயைத் திறந்து எதையும் கேட்கக் கூடாது. "கேள்வி கேட்டா அடுத்த கடைக்குப் போயிடுவானுங்க" என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். அவளும் தும்மலை அடக்குவது மாதிரி கேள்வியை அடக்கியே நாலு வருஷம் ஓட்டிவிட்டாள்.

அன்று காலை நாற்பத்தொன்றாம் டோக்கன் ஜீன்ஸில், சிகரெட் பெட்டியின் கண்ணாடித் தாளில் சுருட்டிய மூன்று மாத்திரைகள் இருந்தன. நீல நிறம், வட்டம், மேலே ஏதோ முத்திரை. உறையில் போட்டாள். பன்னிரண்டு மணிக்கு அந்தப் பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். துணியை அவளே கையில் கொடுத்தாள்.

அப்புறம் மேசையைக் கூட்டும்போதுதான் மாத்திரை ஒன்று துடைப்பத்தில் அகப்பட்டது. உருண்டு விழுந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கையில் வைத்துப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மூளை அரித்தது. அவளுடைய பிரஷர் மாத்திரை அட்டையில் வரும், பேர் இருக்கும், தேதி இருக்கும். இது அட்டையில்லாமல், அநாதை மாதிரி இருக்கிறதே? இரண்டு கடை தள்ளி மருந்துக்கடை. போனாள்.

கல்லாவில் இருந்த மருந்துக்கடைப் பெண் அதைத் தொடாமல் ஒரு காகிதத்தின் மேல் வாங்கினாள்.

"எங்க கிடைச்சுதுக்கா இது?"

"ஒரு பாக்கெட்டுல. ஏன், தொட்டாலே ஆளைக் கொல்லுமா?"

"அதெல்லாம் கட்டுக்கதை. தொட்டா ஒண்ணும் ஆகாது, கையை மட்டும் கழுவிடுங்க. உள்ள போனாத்தான் வினை." முத்திரையை வெளிச்சத்தில் பிடித்தாள். "வலி மாத்திரை மாதிரியே அச்சடிச்சிருக்கான். ஓரம் பாருங்க, உதிருது. கம்பெனி மாத்திரை இப்படி உதிராது."

மாத்திரையைக் கொஞ்சம் சுரண்டித் தண்ணீரில் கரைத்து, விஷம் கலந்திருக்கிறதா என்று காட்டும் மெல்லிய அட்டைப் பட்டை ஒன்றை அதில் நனைத்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு கோடு தோன்றியது.

"ஒரு கோடுன்னா ஒண்ணுமில்லதான? பிள்ளை உண்டான்னு பாக்குறதுல அப்படித்தான்."

"இதுல தலைகீழ்க்கா. ரெண்டு கோடு வந்தா அந்த விஷம் தெரியலைன்னு அர்த்தம். ஒரு கோடு வந்தா இருக்கு. ஃபென்டனில். ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கு அளந்து குடுக்குற மருந்து. தூள் உப்புல நாலஞ்சு துணுக்கு அளவு கூடினாலே மூச்சு நின்னுடும்."

"மாத்திரைக்கு மாத்திரை ஒரே அளவுதான போட்டிருப்பான்?"

"அவன் என்ன தராசு வெச்சா கலக்குறான்? ஏதோ பாத்திரத்துல போட்டுக் கிண்டுறான். ஒரு மாத்திரையில தூசி அளவு இருக்கும், இன்னொண்ணுல கட்டியா நிக்கும். ஒரே மாத்திரையில இந்தப் பாதி சும்மா இருக்கும், அந்தப் பாதி ஆளை எடுத்துடும். 'போன தடவை போட்டேனே, ஒண்ணும் ஆகலையே'ன்னு சொல்லிக்கிட்டே போயிடுறாங்க பசங்க."

அவள் வாசல் வழியே விடுதிப் பக்கம் பார்த்தாள். "மிச்சத்தை நான்தான் கையில குடுத்தேன்" என்றாள்.

மருந்துக்கடைப் பெண் அலமாரியிலிருந்து மூக்கில் அடிக்கும் மருந்து இரண்டை எடுத்து வைத்தாள். நலாக்சோன் என்று பேராம், அந்த விஷத்தை முறிக்குமாம். எப்படி அடிப்பது என்று இரண்டு முறை செய்து காட்டினாள். "ஆள் எழும்பலைன்னா தயங்காதீங்க. வேற காரணத்தால மயங்கியிருந்தாலும் இது கெடுதல் பண்ணாது. போனைக் கட் பண்ணாம வெச்சிருங்க, நான் லைன்ல இருக்கேன்."

சலவைக்கடை டோக்கன் புத்தகத்தில் அந்தப் பையனின் விடுதி அறை எண் இருந்தது. அவள் பக்கத்தைப் புரட்டுவதைப் பார்த்து முதலாளி வாசலை மறித்தார். "போலீஸ் கீலீஸ்னு வந்தா கடைக்குத்தான் கெட்ட பேரு. நமக்கெதுக்கு வம்பு?"

"வம்பைக் கவர்ல போட்டு நம்பர் எழுதிக் குடுத்ததே நாமதான், மொதலாளி. தள்ளுங்க."

விடுதியில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவன் அறைத்தோழன், காதில் பாட்டு. "தூங்குறான் அக்கா. ராத்திரி பூரா பல்வலி. இப்பத்தான் நல்லாத் தூங்குறான், குறட்டையைக் கேளுங்க."

கேட்டாள். இருபது வருஷமாகக் குறட்டையோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். குறட்டை என்றால் ஏறும், இறங்கும், புரண்டு படுத்தால் நிற்கும். இது அடைத்த குழாயில் தண்ணீர் இறங்குவது மாதிரி கொளகொளத்தது. பிறகு நின்றது. அவள் மனசுக்குள் எட்டு எண்ணினாள். மறுபடி ஒரு கொளகொளப்பு. உதடு சாம்பல் பூத்திருந்தது.

தோளை உலுக்கினாள். கத்திக் கூப்பிட்டாள். நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தாள். அசைவில்லை.

"ஆம்புலன்ஸுக்கு அடி. மாத்திரை சாப்பிட்டான், மூச்சு சரியில்லைன்னு சொல்லு."

"தண்ணி தெளிச்சா எழும்பிடுவான் அக்கா..."

"அடிடா மொதல்ல."

தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கில் மருந்தை அடித்தாள். போனில் மருந்துக்கடைப் பெண்ணின் குரல், "மூக்கைப் பிடிங்க, வாயில வாய் வெச்சு ஊதுங்க. அஞ்சு எண்ணி ஒரு தடவை. நெஞ்சு எழும்புதா?" எழும்பியது. ஊதினாள். மூன்று நிமிஷம் ஆகியும் அவனாக இழுக்கவில்லை. இரண்டாவதையும் அடித்தாள். அதற்கப்புறம் பதினோராவது ஊதலோ பன்னிரண்டாவதோ, பையன் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறவன் மாதிரி ஒரு இழுப்பு இழுத்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வாந்தி எடுத்தான்.

கண்ணைத் திறந்தவனுக்கு நன்றியெல்லாம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "யாரு உங்கள உள்ள விட்டது? எனக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதவனுக்குத்தான் இவ்வளவு நேரம் ஊதினேன். எதுக்குடா சாப்பிட்ட?"

அவள் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பல்லு. டாக்டர் பதினஞ்சு நாள் கழிச்சு வரச் சொல்லிட்டாரு. நாளைக்குப் பரீட்சை. சீனியர் ஒருத்தர் குடுத்தாரு, அவங்கப்பாவுக்கு ஆஸ்பத்திரியில எழுதின மாத்திரைன்னு."

ஆம்புலன்ஸ்காரர் இரண்டு பேர் படியேறி வந்தார்கள். பையன் வரமாட்டேன் என்றான். வீட்டுக்குத் தெரிந்தால் அம்மா தாங்க மாட்டாளாம். ஆம்புலன்ஸ்காரர் பொறுமையாகச் சொன்னார். "தம்பி, மூக்குல அடிச்ச மருந்து சீக்கிரம் தீர்ந்துடும். உள்ள இருக்கிறது அதுக்கப்புறமும் நிக்கும். தீர்ந்ததும் மறுபடி மூச்சு அடங்கலாம். அதுக்குத்தான் கூப்பிடுறோம்."

"நான் கூட வர்றேன், எந்திரி" என்றாள். எழுந்தான்.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குக் கணக்கு இடித்தது. "கவர்ல ரெண்டு இருந்திருக்கணும். ஒண்ணு உன் வயித்துல. இன்னொண்ணு?"

பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பேரு வேணாம்டா. யாரு என்னன்னு கேக்கல. போன் மட்டும் போடு."

"வாலிபால் ஆடுற பொண்ணு. முட்டி வலின்னு கேட்டா, குடுத்தேன்." போனை எடுத்து எண்ணைத் தட்டினான். ஸ்பீக்கரில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி போட்டான். ஆம்புலன்ஸ்காரர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஆறாவது மணியில், "என்னடா?" என்றது தெளிவான குரல். பின்னால் யாரோ பந்து தட்டும் சத்தம்.

"அந்த மாத்திரையைப் போட்டுட்டியா?"

"ஆட்டம் முடிஞ்சதும் போடலாம்னு இருக்கேன். ஏன்?"

பையன் போனை அவள் பக்கம் நீட்டினான். அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"போடாதம்மா. அப்படியே எடுத்துக்கிட்டு விடுதிப் பக்கத்துச் சலவைக்கடைக்கு ரெண்டு கடை தள்ளி இருக்கிற மருந்துக்கடைக்குப் போ, அங்க இருக்கிற பொண்ணு திட்ட மாட்டா. பரவாயில்ல, ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டுப் போ."

"நீங்க யாரு?"

"துணி தொவைக்கிறவ. சொல்றேன், மொதல்ல நட. நடக்குற சத்தம் கேக்கணும் எனக்கு."