கம்பிக்கு அந்தப் பக்கம்

இதைக் கட்டிச் சொன்ன கதை என்று நினைப்பவர்கள் பாண்டிச்சேரியில் சாரத்துக்குப் போய் வசந்தாவையே கேட்கலாம். கூட்டாமல் குறைக்காமல் இப்படியேதான் சொல்வாள். சொல்லி முடித்ததும் அழுவாள்.

1981, மார்கழி மாதம். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் ராஜாங்கம் தன் பெண்டாட்டி வசந்தாவைக் கடற்கரையைத் தாண்டி எங்கேயும் கூட்டிப்போனதில்லை. மில்லில் ஷிப்டு வேலை. லீவு கிடைத்தால் தூங்கவே சரியாக இருக்கும். அந்த வருஷம் மில் ஆட்கள் சேர்ந்து ஏற்காட்டுக்கு ஒரு பஸ் பேசினார்கள். விடியுமுன் கிளம்பி, மலை உச்சியில் ஒரு விடுதியில் பகலெல்லாம் இருந்துவிட்டு அன்றைக்கே திரும்புவதாக ஏற்பாடு. வசந்தா கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். வழியெல்லாம் ஜன்னலை விட்டு அவள் முகத்தைத் திருப்பவே இல்லை.

அந்த விடுதி பழைய வெள்ளைக்காரன் பங்களா. சுற்றிலும் பெரிய தோட்டம். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஆண்கள் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்தார்கள். தோட்டத்துக் கோடியில் நின்று பார்த்தால் சேலம் பூராவும் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். வசந்தா தனியாக நடந்தாள்.

மணி மூன்று இருக்கும். பனி இறங்கியது. சித்த நேரத்தில் பங்களா மறைந்தது. மரங்கள் மறைந்தன. சீட்டாடுகிறவர்களின் சிரிப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது...

"அக்கா, பாண்டிச்சேரியா?"

எதிரே ஒரு பெண். இருபது வயது இருக்கும். மஞ்சள் வாயல் புடவை. நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டதும் வசந்தாவுக்குச் சந்தோஷம். சாரம் என்றாள். அந்தப் பெண் தன் பேர் சின்னப்பொண்ணு, ஊர் தேங்காய்த்திட்டு, புருஷனோடு வந்ததாகச் சொன்னாள். அவர் எங்கே என்று வசந்தா கேட்டாள்.

குளிர் எலும்பைத் துளைத்தது. வசந்தா பேசும்போதெல்லாம் வாயிலிருந்து புகை வந்தது.

அவள் பேசும்போது வரவில்லை.

வசந்தாவின் தலைமுடியெல்லாம் பனித்துளி. முந்தானை நனைந்து கனத்தது.

அவள் மேல் ஒரு பொட்டு ஈரம் இல்லை...

"எங்கம்மா மீன் விக்கிறாங்க. கன்னியம்மாள்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. ஒரு சேதி சொல்லணும்க்கா."

"சொல்லும்மா."

"நான் யார்கூடயும் போவல. இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. வசந்தாவுக்கு மனசு தாளவில்லை. கையைப் பிடித்துக்கொள்ள ஒரு எட்டு முன்னே வைத்தாள்.

இடுப்பில் ஜில்லென்று இடித்தது.

இரும்புக் கம்பி. தோட்டம் முடிகிற இடத்துத் தடுப்பு.

இந்தப் பக்கம் வசந்தா.

அவள்... அந்தப் பக்கம்.

காற்று வீசியது. பனி விலகியது.

யாரும் இல்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பதற்குத் தரையே இல்லை.

அலறல் கேட்டு ஓடிவந்த ராஜாங்கம், பனியில் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்றான். பஸ்ஸில் அவள் நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள். ஊருக்கு வந்து நாலைந்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். அவள் மனசைத் தேற்றலாம் என்றுதான் ராஜாங்கம் தேங்காய்த்திட்டுக்குப் போய் விசாரித்தான். அப்படி யாரும் இல்லை என்று வந்து சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை.

திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

கன்னியம்மாள் இருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரே மகள் புருஷனோடு ஏற்காட்டுக்குப் போனாள். புருஷன் மட்டும் திரும்பி வந்தான். போன இடத்தில் எவனோடோ ஓடிவிட்டாள் என்றான். ஊர் நம்பியது. கன்னியம்மாளும் மகளைத் தலைமுழுகிவிட்டாள்.

வசந்தா பல நாள் தவித்தாள். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஓடுகாலி என்ற பேர் நிற்கும். சொன்னால், மகள் செத்துப்போனாள் என்று பெற்றவளிடமே சொல்வதாகும். கடைசியில் ஒரு நாள் மீன் ஏலம் முடிந்து கூட்டம் கலைந்த நேரத்தில் போனாள். கன்னியம்மாள் மீன்கூடை கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் முழுக்கக் கேட்டாள். அழவில்லை.

"குளுருல நின்னிருந்தாளா?" என்று மட்டும் கேட்டாள்.

வசந்தா தலையாட்டினாள்.

"எவன்கூடயோ போயி, எங்கியாச்சும் புள்ளகுட்டியோட நல்லா இருக்கான்னு நெனச்சிதாம்மா இத்தினி நாளும் சோறு துன்னேன்."

கழுவிய கூடையையே மறுபடி கழுவத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு ராஜாங்கமும் கன்னியம்மாளும் போய்ப் போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். ஏற்காட்டில் அந்தக் கம்பியருகே கயிறு கட்டி ஆள் இறக்கினார்கள். பள்ளத்தின் அடிவரை போக வேண்டியிருக்கவில்லை. ஒரு தென்னைமர ஆழத்தில், புதர் மூடிய பாறைத் திட்டில், எலும்புகள் கிடந்தன. மஞ்சள் துணி கிடந்தது. அதில் கிழித்த ஒரு துண்டு கால் எலும்பைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. விழுந்த உடனே உயிர் போகவில்லை, உடைந்த காலுக்கு அவளேதான் கட்டுப் போட்டிருக்கிறாள் என்றார் டாக்டர். புருஷனைத் தேடிப் போனார்கள். வடக்கே எங்கேயோ போய்விட்டானாம். அவன் கடைசிவரை அகப்படவில்லை.

எலும்புகளை எடுத்த அன்று, அந்தத் தோட்டத்தில் போட்டோ எடுக்கும் ராமலிங்கம் என்பவர் ராஜாங்கத்தைத் தனியாக அழைத்து ஒன்று சொன்னார். ராஜாங்கம் அதை வெகுகாலம் கழித்துத்தான் வசந்தாவிடம் சொன்னான். கன்னியம்மாள் சாகும்வரை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அந்தக் கம்பியருகே நின்று கூப்பிட்டால் பள்ளத்திலிருந்து எதிரொலி வரும். வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் பெயரைக் கத்தி விளையாடுவது வழக்கம். நாலு வருஷத்துக்கு முன்னால், பனி மூடிக் கிடந்த இரண்டு நாள், யாரும் கூப்பிடாமலே பள்ளத்திலிருந்து குரல் வந்ததாம். அதிசயம் என்று கூட்டம் கூடியதாம்.

"அம்மா... அம்மா..."

மேலே நின்றவர்கள் சிரித்துக் கைதட்டி, அவர்களும் திருப்பிக் கத்தினார்களாம்.

"அம்மா..." என்று.