கீரைப் பாத்தியும் என் மழை நோட்டும்

போன செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்கால். போனில் நசீமா அக்கா.

"சார், மழை வுட்டுச்சு. வந்து பாருங்க."

வைத்துவிட்டார். நல்ல சேதியா, கெட்ட சேதியா? குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. கெட்டதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். காரணம் இருக்கிறது...

அக்கா, திருநீர்மலை அடிவாரத்தில் முக்கால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுகிறவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஊருக்கே அக்கா என்பதால் எனக்கும் அக்கா. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வருவது அவர் தோட்டத்துச் சிறுகீரைதான்.

என்னிடம் ஒரு மழை நோட்டு உண்டு. மொட்டைமாடி மழைமானியில் தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுதுவேன். போன வருஷம் ஐப்பசியில் அக்கா கேட்டார்: "நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வெச்சினு கீறீங்களே சார். எப்போ வெதைக்கலாம்?"

பழைய பக்கங்களைப் புரட்டினேன். "தீபாவளி வரைக்கும் பெரிய மழை வராது. தாராளமா விதைங்க" என்றேன். வானிலை நிலையமே வாய் திறந்தது மாதிரி.

விதைத்த மூன்றாம் நாள் சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. மணல் போன்ற விதை. மொத்தமும் அடித்துக்கொண்டு போய்ப் பள்ளமான ஒரு மூலையில் ஒதுங்கியது. அங்கே மட்டும் கீரை காடாக முளைத்தது. மற்ற இடமெல்லாம் மொட்டை. அதன் பிறகு மழையே இல்லை — கிணற்றுத் தண்ணீரும் கீழே போய்விட்டது.

அக்கா திட்டவில்லை. "வுடுங்க சார். உங்க நோட்டைப் பத்தி மழைக்கு இன்னா தெரியும்?" என்றார். திட்டியிருக்கலாம்.

நிலத்துக்காரருக்கு அந்த இடத்தில் கார் பார்க்கிங் போட ஆசை. "இன்னொரு தபா வெதை போச்சுன்னா நெலத்தைக் குடுத்துட்டுப் போயிடுவேன்" என்றும் அக்கா சொல்லியிருந்தார்.

இந்த வருஷம் விதைப்புக்கு முன் வீட்டுக்கு வந்தார். நான் ஆவலாக நோட்டைத் திறந்தேன். அக்கா கையை வைத்து மூடினார்.

"தேதி வேணாம் சார். போன வருசம் வெதை போன அன்னிக்குப் பெஞ்சது எவ்ளோ நேரத்துல பெஞ்சுது? அதைச் சொல்லுங்க."

நோட்டில் இல்லை. இத்தனை வருஷமாக எவ்வளவு பெய்தது என்று எழுதியவன், எத்தனை வேகமாகப் பெய்தது என்று ஒரு நாளும் எழுதவில்லை. மண்ணைக் கேட்டால் அதைத்தானே முதலில் சொல்லும்?

"ஒன்றரை மணி நேரம் இருக்கும்" என்றேன், நினைவிலிருந்து.

"அவ்ளோ தண்ணி அவ்ளோ சீக்கிரம் வந்தா எங்க போவும்? அதுக்கு ஒரு வழி பண்ணணும் சார்."

பண்ணினார். பாத்திகளை ஒரு சாண் உயரத்துக்கு மேடாக்கினார். நடுவில் கால்வாய். பள்ளமான மூலையில் பெரிய குழி. விதைக்கு மேல் மெல்லியதாக வைக்கோல். மொத்த நிலத்தையும் ஒரே நாளில் விதைக்காமல், வாரத்துக்கு ஒரு பங்காக மூன்று பங்கு. "கீரை போட எடத்தைக் கேட்டா, கொளம் வெட்டினு கீறா" என்று அவர் கணவர் என்னிடம் புலம்பினார்.

திங்கட்கிழமை மழை, போன வருஷத்துக்குச் சற்றும் குறைவில்லை. மறுநாள் காலை அந்த போன்.

போய்ப் பார்த்தேன். ஒரு பாத்தியின் ஓரம் சரிந்து கொஞ்சம் விதை போயிருந்தது. மீதி? அக்கா வைக்கோலை விலக்கிக் காட்டினார் — இரண்டிரண்டு இலையாக, வரிசை கலையாமல் முளைத்திருந்தது. குழி நிறையத் தண்ணீர்.

"வெயில் காஞ்சா இதுலருந்து மோந்து ஊத்திக்கலாம். கெணத்துக்குக் கொஞ்ச நாள் லீவு."

"ஓனர் பேசினாரா?"

"பேசினாரு. பார்க்கிங்தான் வேணும்னா இந்தக் குழியில வந்து நிறுத்திக்கோங்கன்னேன்."

வீடு திரும்பியதும், பெய்கிற மழை எங்கே போகிறது என்று என் காம்பவுண்டுக்குள்ளும் ஒரு சுற்றுப் பார்த்தேன். வாசலில் இருந்து பின்சுவர் வரை சிமென்ட்.

அக்காவிடம் கடப்பாரை இரவல் கேட்டிருக்கிறேன்.